கடைசி ஐந்து மீட்டர்

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தை இன்டர்ஸ்டேட் 70 நெடுஞ்சாலையில் கடப்பவருக்கு அலுப்புத் தட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கோதுமை வயல், தானியக் கிடங்கு, மறுபடியும் கோதுமை வயல். கூடாரத்தையும் அடுப்பையும் காரில் ஏற்றிக்கொண்டு கொலராடோ மலைகளுக்குக் கிளம்பும் தம்பதிகள், இந்தச் சமவெளியை ஒரே மூச்சில் தாண்டிவிடத்தான் பார்ப்பார்கள். ஆனாலும் மிங்கோ என்ற சிற்றூருக்குப் பிரியும் இடத்தில் சிலர் வண்டியைத் திருப்புகிறார்கள். 2000 மே 11 அன்று அங்கே தொடங்கிய ஒரு ஒளிவிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது. இன்றும் தேடப்படும் ஜியோகேச்சுகளில் மிகப் பழையது அதுதான்.

இந்த ஜியோகேச் விளையாட்டு எளிது. ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் தேடிப் போய், உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். பரிசு கிடையாது. இருந்தும் உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் இப்படி ஒளிந்திருக்கின்றன.

இதற்கு வழிவிட்டது ஓர் அரசாங்க உத்தரவு. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் அமெரிக்க ராணுவத்தின் சொத்து. பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்துவைத்திருந்தார்கள். காட்டிய இடம் 100 மீட்டர் வரை தள்ளிப்போகும். 2000 மே முதல் தேதி அதிபர் கிளின்டன் அந்தக் கலப்படத்தை நிறுத்துவதாக அறிவித்தார். மே 3 அன்றே டேவ் உல்மர் என்ற கணினி வல்லுநர், ஓரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே காட்டில் ஒரு கறுப்பு வாளியை வைத்தார். உள்ளே புத்தகங்கள், மென்பொருள், கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். எதையாவது எடு, எதையாவது வை என்பது விதி. ஓரிரு நாளில் மைக் டீக் என்பவர் அதைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் இதற்கென்றே ஒரு இணையதளம் தொடங்கப்பட்டபோது பட்டியலில் இருந்தவை வெறும் 75.

திறந்தவெளியில் இன்றைய கைப்பேசி சுமார் 5 மீட்டருக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் வேலை அத்தோடு சரி. மிச்சத்தைக் கண்ணும் கையும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மரத்தடியில் அம்புக்குறி வேறு நிலையில்லாமல் ஆடும். இருவராகப் போனால் அனுகூலம் இங்கேதான்: ஒருவர் திரையைப் பார்த்து இங்கே, அங்கே என்று சொல்லிக்கொண்டிருக்க, மற்றவர் பேசாமல் வேலிக்கம்பியின் அடியில் கைவிட்டு எடுத்துவிடுவார். திரைக்காரர் அதை லேசில் ஒப்புக்கொள்வதில்லை.

தேடும் பொருளின் அளவு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ராணுவம் கழித்துப்போட்ட தோட்டாப் பெட்டியாக இருந்தால் அதிர்ஷ்டம். மழைத்தண்ணீர் இறங்காது, உள்ளே குழந்தைகளுக்கான பொம்மைகளும் இருக்கும். விரல்நுனி அளவுக் காந்தக் குப்பியும் உண்டு. அதில் சுருட்டித் திணித்த தாளை எடுக்க இடுக்கி வேண்டும். பயணிகள் வண்டியிலேயே படுத்துறங்கும் பேரங்காடி வாகன நிறுத்தங்களில், விளக்குக் கம்பத்தின் அடிப்பகுதியை மூடியிருக்கும் தகரத்தைத் தூக்கினால் பழைய ஃபிலிம் டப்பா ஒன்று கிடைக்கலாம். ருசியான தேடல் என்று அதைச் சொல்ல முடியாது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஒன்றைக் கணக்கில் சேர்க்க உதவும், அவ்வளவே.

நெடுந்தூரப் பயணிகளுக்கு ஏற்ற ஒன்றும் இருக்கிறது: டிராவல் பக். எண் பொறித்த உலோகத் தகடு, ஏதாவது ஒரு பொம்மையோடு கோத்திருக்கும். ஒரு மாநிலத்தில் எடுத்து அடுத்த மாநிலத்து டப்பாவில் போட்டுவிடலாம். சொந்தமாக வைத்துக்கொள்ளக் கூடாது. அது போன வழியை இணையத்தில் பார்க்கலாம்.

புதரைச் சுற்றிச் சுற்றி வருபவர்களைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில், ஒரு உணவகத்துக்கு வெளியே இருந்த டப்பாவை வெடிகுண்டு என்று நினைத்து ராணுவமே வெடிக்கவைத்தது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களிலோ பொதுவாக டப்பா வைக்கவே விடமாட்டார்கள். அங்கே 2004இல் வந்த எர்த்கேச் கைகொடுக்கிறது. கிராண்ட் கேன்யன் போன்ற இடங்களில் எதையும் தேட வேண்டாம். பாறையைப் பார்த்து, அதன் அடுக்குகளைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் எழுதி அனுப்ப வேண்டும். கூடாரம் போட்டு இரண்டு நாள் தங்குபவர்களுக்கு இதைவிட நல்ல நிலவியல் வகுப்பு வாய்க்காது.

புறப்படுமுன் பேனா இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பல டப்பாக்களில் தாள் மட்டுமே இருக்கும். பொந்துக்குள் கைவிடுமுன் குச்சியால் ஒருமுறை கிளறிவிடுவது புத்திசாலித்தனம். புல்வெளியில் தேடியிருந்தால் உண்ணி ஒட்டியிருக்கலாம். கூடாரத்துக்குத் திரும்பியதும் ஒருவர் கழுத்தையும் முதுகையும் இன்னொருவர் பார்த்துவிட வேண்டும். அதற்காவது துணை அவசியம்.