விரிசல் விட்ட சுவர்

சுவத்துல விரிசலைப் பார்த்தா சிவில் பசங்க உடனே கலவை சரியில்ல, அஸ்திவாரம் சரியில்லன்னு ஆரம்பிச்சிடுவீங்க. ரோமானியக் கவிஞர் ஓவிட், அப்படி ஒரு விரிசலை வைத்துக் காதல் கதையே சொல்லியிருக்கிறார். கி.பி. 8-ஆம் ஆண்டு வாக்கில் எழுதி முடித்த 'மெட்டமார்பசிஸ்' காவியத்தில், 4-ஆம் பகுதியில் வரும் பிரமஸ், திஸ்பி கதை அது.

ஊர் பாபிலோன். அடுத்தடுத்த வீடுகள், நடுவே ஒரே பொதுச் சுவர். கல்யாணத்துக்கு ரெண்டு அப்பாக்களும் தடை. சுவரில் கட்டும்போதே விழுந்த மெல்லிய விரிசல் ஒன்று இருக்கிறது. இத்தனை வருஷமா யாரும் கவனிக்காத அந்தக் குறை இவங்க கண்ணுலதான் படுது. அது வழியாக ரகசியமாகப் பேசிக்கொள்கிறார்கள். சுவரைத் திட்டுகிறார்கள், ஒரு முத்தத்துக்காவது வழி விடக்கூடாதா என்று. உடனே, பேச்சையாவது விடுறியே என்று அதற்கே நன்றியும் சொல்கிறார்கள்.

தடை இருந்தாத்தான் காதல் வளரும், அதுக்குத்தான் சுவர்னு பொதுவா விளக்கம் சொல்லுவாங்க. எனக்கு அது பாதி பதிலாத்தான் படுது. சுவர்கிட்ட இருந்தவரைக்கும் ரெண்டு பேரும் உயிரோட இருந்தாங்க, கவனிச்சீங்களா?

ஓர் இரவு வீட்டை விட்டு வெளியேறி, நைனஸ் மன்னனின் கல்லறை அருகே மல்பெரி மரத்தடியில் சந்திப்பதாக முடிவு. முதலில் வந்த திஸ்பி, ரத்த வாயோடு வரும் பெண் சிங்கத்தைக் கண்டு ஓடி ஒளிகிறாள். கீழே விழுந்த அவள் முக்காட்டைச் சிங்கம் கிழித்துப் போடுகிறது. அதைப் பார்த்த பிரமஸ், அவள் செத்துட்டாள்னு நினைத்து வாளால் குத்திக்கொள்கிறான். பீறிடும் ரத்தத்துக்கு ஓவிட் சொல்லும் உவமை என்ன தெரியுமா? பழுதான ஈயக் குழாயின் சின்ன ஓட்டையிலிருந்து சீறும் தண்ணீர்! காதல் கதையில பிளம்பிங்கான்னு சிரிப்பு வரும். ஆனால் அங்கே பழுதான சுவர் பேச்சை விட்டது, இங்கே பழுதான குழாய் உயிரை விடுகிறது. திஸ்பியும் அதே வாளில் சாகிறாள். வெள்ளையாக இருந்த மல்பெரிப் பழம் அன்றிலிருந்து கருஞ்சிவப்பு.

உண்மையான தடை அப்பாக்களின் 'கூடாது'தான். சுவரைத் தாண்டியும் அது கூடவே வந்தது. இல்லேன்னா நடுராத்திரியில், ஊருக்கு வெளியே, ஆளில்லாத கல்லறைக்கு ஏன் போகணும்?

ஷேக்ஸ்பியர் 'எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்' நாடகத்தில் இதையே கேலிக்கூத்தாக்கினார். அதில் சுவராக ஒரு மனுஷனே வந்து நிற்பான், விரலை விரித்து விரிசல் காட்டுவான். பாதியில், என் வேலை முடிஞ்சதுன்னு சொல்லிட்டுக் கிளம்பிடுவான். அதுக்கப்புறமும் கதையில ரெண்டு பேரும் சாகத்தான் செய்றாங்க.