திருக்கைத் தொட்டியில் பாசி

தென் அமெரிக்காவின் அமேசான், பரானா முதலிய மகாநதிகளின் மணற்படுகையில் புதைந்து வாழும் நன்னீர்த் திருக்கையைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்போர், சுவரெங்கும் பச்சைப் பாசி படரக் கண்டதும் மருந்தைத் தேடுவது இயல்பே. ஆயினும் மயில்துத்தம் போன்ற செம்பு கலந்த பாசிக்கொல்லிகள், மற்ற மீன்களுக்குள்ள செதிற்கவசம் இல்லாத இந்த ஜீவனுக்குப் பிராணாபாயத்தையே விளைவிக்குமாதலால், அவற்றை அறவே விலக்க வேண்டும்.

பாசிக்கு மூலகாரணம் வெளிச்சமும், ஏராளமாக உண்ணும் திருக்கையின் கழிவிலிருந்து நீரில் சேரும் நைட்ரேட், பாஸ்பேட் என்னும் உப்புக்களுமே. ஆகையால், மிஞ்சிய இறால், மீன் துண்டுகளை உடனுக்குடன் அகற்றி, வாரந்தோறும் நீரில் ஒரு பகுதியை இறைத்துக் குளோரின் நீக்கிய புதுநீர் நிரப்பி, விளக்கை நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரத்துக்குள் அடக்குவதே உத்தமமான சிகிச்சை. நீரே பச்சையாகிவிட்டால், வடிகட்டியோடு புற ஊதா விளக்கை இணைக்கலாம்.

பாசியைத் தின்னுமென்று சக்கர் மீனை விடுவது எனக்குச் சிறிதும் சம்மதமில்லை: அது திருக்கையின் முதுகில் ஒட்டிக்கொண்டு, வழவழப்பான தோலைச் சுரண்டிப் புண்ணாக்கிவிடக்கூடும். நீண்ட கைப்பிடியுள்ள சுரண்டியால் கண்ணாடியைத் துடைப்பதே க்ஷேமம்; அப்போதும், வாலில் விஷமுள் தாங்கிய திருக்கை மணலுக்குள் எங்கே படுத்திருக்கிறதென்று பார்த்த பின்னரே கையை நீரில் வைக்க வேண்டும்.