சும்மா தொங்கும் காரீயம்

2018 செப்டம்பர் 21. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் புயலில் சிக்கிய ‘துரியா’ ஒரு முழுச்சுற்று உருண்டது. கோவாவில் கட்டிய மரத்தாலான பாய்ப்படகு அது. உள்ளே மாலுமி அபிலாஷ் டோமி தனியாள். பாய்மரங்கள் முறிந்தன, அவர் முதுகெலும்பில் பலத்த அடி. படகு மட்டும் மறுபடி நிமிர்ந்துகொண்டது. மூன்றாம் நாள் பிரெஞ்சுக் கப்பல் வந்து மீட்கும்வரை அதற்குள்தான் படுத்துக் கிடந்தார்.

நிமிர்த்தியது, படகின் அடியில் இருந்த எடை.

கேரளக் கரையில் பூவாறிலும் பொழியூரிலும் அலையைத் தாண்டி மணலில் ஏற்றும் வள்ளத்துக்கு இந்த ஏற்பாடு ஒத்துவராது. அடியில் எடை நீட்டிக்கொண்டிருந்தால் கரையேறுவது எப்படி? அப்படிப்பட்ட கரைகளில் ஆள்தான் எடை. சிங்கள மீனவரின் ‘ஒருவ’ படகில் காற்று வலுக்க வலுக்கப் பக்கக்கட்டையின்மேல் ஆட்கள் ஏறுவார்கள். ஓராள் காற்று, ஈராள் காற்று என்று காற்றையே தலை எண்ணித்தான் அளந்தார்கள்!

ஆனால் படகு சாயச் சாய அந்த ஆளின் பிடிமானம் குறையும். படகின் அடியில் நீளும் ஏராவில் பூட்டிய காரீயம் நேர்எதிர். படகு நேராக நிற்கும்வரை சும்மா தொங்கும். 30 டிகிரி சாய்ந்தால் தன் வலுவில் பாதியைக் காட்டும். படகு பக்கவாட்டில் படுத்தேவிட்டால் முழு வலுவும் வரும்.

ஏன் காரீயம்? வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் வார்ப்பிரும்பை நிரப்பினால் சுமார் 145 கிலோ. காரீயத்தை நிரப்பினால் 227. அதே எடை சின்ன இடத்தில் அடங்குவதால் இன்னும் கீழே இறக்கலாம், தண்ணீரும் குறைவாகவே இழுக்கும்.

இன்னொரு சௌகரியம், 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். சொந்தமாகப் படகு கட்டுகிறவர்கள் கொல்லைப்புற விறகடுப்பில் வார்க்கத் துணிவது இதனால்தான். துணிச்சல் சரி, ஈரம் ஆகாது. அச்சில் ஒரு சொட்டு நீர் இருந்தாலும் ஆயிரத்து எழுநூறு மடங்கு நீராவியாக விரிந்து, உருகிய உலோகத்தை முகத்தில் வாரி இறைக்கும். புகையும் தூசியும் நஞ்சு. (ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வேறு, அது வெள்ளீயம்.) குழந்தைகள் நடமாடும் வீட்டில் இந்த வேலையே வேண்டாம், பட்டறைக்குக் கொடுத்துவிடலாம் என்பது என் கட்சி.

ஊற்றத் தொடங்கினால் நிறுத்தக் கூடாது. இடையில் ஆறிய பரப்பின்மேல் அடுத்த கரண்டி ஒட்டாமல் தனித்தனி அடுக்காகிவிடும். உறையும்போது காரீயம் நூற்றுக்கு மூன்றரை பங்கு சுருங்கும். நடுவில் குழி விழும். அது இளகியிருக்கும்போதே மேலே ஊற்றி நிரப்ப வேண்டும். கட்டி ஆறியபின் பிசிறை இழைத்தால், இழைத்த இடம் வெள்ளிபோல் பளபளக்கும். அதுவும் கொஞ்ச நேரம்தான். காற்றுப் பட்டுச் சாம்பல் பூத்துவிடும். அந்த மங்கல் தோல்தான் உள்ளே இருக்கும் உலோகத்தை உப்புநீர் அரிக்காமல் காக்கிறது.