பனிக்காட்டு மரக்குடிலில் ஓர் இரவு

ஃபின்லாந்தில் 41 தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன. அவற்றைப் பராமரிக்கும் அரசு நிறுவனமான மெட்சஹல்லிதுஸ், பூங்காக்களுக்குள்ளும் வடக்கே உள்ள வனப்பகுதிகளிலும் நூற்றுக்கணக்கான மரக்குடில்களை வைத்திருக்கிறது. பெரும்பாலான குடில்களின் அமைப்பு ஒன்றுதான்: உருட்டு மரங்களை அடுக்கிக் கட்டிய ஒற்றை அறை, நடுவிலோ மூலையிலோ ஓர் இரும்பு அடுப்பு, சுவரோரம் படுக்கப் பலகைத் திண்ணை. வெளியே விறகுக் கொட்டகை, இன்னும் சற்றுத் தள்ளிக் கழிப்பறை. மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் கிடையாது. குளிர்காலத்தில் இங்கே ஓர் இரவு சுகமாகக் கழிய வேண்டுமானால், வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். குடிலில் கதகதப்பு தயாராகக் காத்திருப்பதில்லை. போகிறவர்தான் அதை மூட்டியெடுக்க வேண்டும். அதற்கான விறகை, அநேகமாக, முன்னால் தங்கியவர் பிளந்து வைத்துவிட்டுப் போயிருப்பார்.

குடில்களில் வகைகள் உண்டு. வகை தெரியாமல் போனால் நடுக்காட்டில் பூட்டிய கதவின் முன்னால் நிற்க நேரும். முதல் வகை ‘அவுட்டியோதுபா’ எனப்படும் திறந்த குடில். பூட்டு இல்லை, கட்டணம் இல்லை, முன்பதிவும் இல்லை. வழிப்போக்கருக்காக ஊரார் கட்டிவைத்த சத்திரத்தைப் போன்றது. ஓரிரு இரவுகளுக்கு மேல் தங்கக் கூடாது. இங்கே ஒரு வழக்கம் உண்டு. கடைசியாக வந்து சேர்ந்தவருக்கே இடத்தில் முதல் உரிமை. குடில் நிறைந்துவிட்டால் முன்பே வந்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டு ஓய்வெடுத்தவர் எழுந்து இடம் விட வேண்டும். களைத்து, இருட்டில் பனியில் நனைந்து வருகிறவரை வெளியே நிறுத்தினால் அவர் உயிருக்கே ஆபத்து என்பதால் வந்த வழக்கம் இது. இரண்டாவது, ‘வராவுஸ்துபா’ என்னும் முன்பதிவுக் குடில். பணம் கட்டிப் படுக்கையைப் பதிவு செய்து, சாவியையோ பூட்டுக்கான எண்ணையோ வாங்கிக்கொண்டு போக வேண்டும். பல இடங்களில் ஒரே கட்டடத்தின் ஒரு பாதி திறந்த குடிலாகவும் மறு பாதி முன்பதிவுக் குடிலாகவும் இருக்கும். மூன்றாவது, முழுக் குடிலையும் ஒரு குடும்பத்துக்கோ நண்பர் குழுவுக்கோ விடும் வாடகைக் குடில். பகல் குடில் என்று இன்னொன்றும் இருக்கிறது. அது டீ போட்டுக் குடித்து, கால் ஆற்றிக்கொண்டு போவதற்கு மட்டும். இரவு தங்க அல்ல.

முதன்முறை போகிறவருக்கு முன்பதிவுக் குடிலோ வாடகைக் குடிலோதான் சரி. திறந்த குடிலை மட்டும் நம்பி, வேறு வழி யோசிக்காமல் புறப்படுவது அனுபவசாலிகளே தவிர்க்கும் காரியம். திறந்த குடிலில் இடம் கிடைக்கும் என்ற உறுதி ஒருபோதும் இல்லாததால், அதை நோக்கிப் போகிறவர்கள் கூடாரமும் எடுத்துச் செல்கிறார்கள்.

எந்தப் பூங்கா என்பது அடுத்த கேள்வி. தலைநகர் ஹெல்சின்கியின் ஓரத்திலேயே, 1994-இல் அறிவிக்கப்பட்ட நூக்சியோ பூங்கா இருக்கிறது. வாடகைக் குடில்கள் அங்கே உண்டு. ஏதாவது தவறினாலும் சாலை தொலைவில் இல்லை. போஸியோ அருகே ரீசிதுந்துரி பூங்காவுக்கு வேறொரு ஈர்ப்பு. குன்றின் மேல் உள்ள ஸ்ப்ரூஸ் மரங்களில் ஈரக்காற்றின் பனி அப்பி அப்பி உறைந்து, ஜனவரி, பிப்ரவரியில் கிளை எது தண்டு எது என்றே தெரியாத வெள்ளைத் தூண்களாகிவிடும். வடகோடி மாநிலமான லாப்லாந்தின் மேற்கில் பல்லஸ்-யில்லஸ்துந்துரி பூங்காவின் ஹெட்டா-பல்லஸ் பாதை 1934-இலேயே அடையாளமிடப்பட்டது. ஏறத்தாழ 55 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் குடிலுக்குக் குடில் பனிச்சறுக்கில் போகலாம். நடுவழியில் வரும் ஹன்னுகுருவில் சௌனா என்னும் நீராவிக் குளியலறையும் உண்டு. கிழக்கே, 1983-இல் தொடங்கிய உர்ஹோ கெக்கோனென் பூங்கா சுமார் 2,550 சதுர கிலோமீட்டர். அதன் உட்பகுதிக்குள் ஓர் இரவுக்காகப் போய்வர முடியாது. முதல் பயணத்துக்கு அதன் மேற்கு விளிம்போடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பது பூங்காவைத் தேர்ந்தெடுப்பதைவிட முக்கியம். உர்ஹோ கெக்கோனென் பகுதியில் டிசம்பர் தொடக்கம் முதல் ஜனவரி இரண்டாம் வாரம் வரை சூரியன் உதிப்பதே இல்லை. நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் நீலமும் இளஞ்சிவப்புமாக ஒரு மங்கல் வெளிச்சம், அவ்வளவுதான். தெற்கே நூக்சியோவில்கூட டிசம்பர் கடைசியில் பகல் ஆறு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. பிப்ரவரி முடிவில் வடக்கிலும் பகல் ஒன்பது மணி நேரத்தைத் தொடுகிறது. மார்ச் பின்பாதியில் பன்னிரண்டு. பனி இறுகி, வெயில் பளிச்சிடும் மார்ச்தான் குடில் பயணத்துக்குச் சிறந்த காலம் என்று ஃபின்லாந்துக்காரர்கள் பலரும் சொல்வார்கள். ஆனால் அந்தக் காலத்தில் கூட்டமும் இருக்கும். பள்ளிகளுக்கான பனிச்சறுக்கு விடுமுறை, பிப்ரவரி மூன்றாம் வாரத்தை ஒட்டித் தெற்கில் தொடங்கி, வாரத்துக்கொரு வட்டாரமாக வடக்கு நோக்கி நகர்கிறது. அந்த மூன்று வாரங்களிலும் ஈஸ்டரிலும் படுக்கைகள் வெகு முன்பே நிரம்பிவிடும். வாரநாளில் போக முடிந்தவர் பாக்கியசாலி.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. நாட்டின் மிகக் குறைந்த வெப்பநிலை, 1999 ஜனவரி 28 அன்று கிட்டிலா வட்டாரத்துப் பொக்காவில் பதிவான மைனஸ் 51.5 டிகிரி. அது அபூர்வம்; ஆனால் மைனஸ் 20-உம் 30-உம் லாப்லாந்தில் சகஜம். உயரப் போனால் குளிர் கூடும் என்று நினைப்போம். காற்றில்லாத, மேகமில்லாத குளிர்கால இரவில் நடப்பது நேர்மாறு. கனமான குளிர்காற்று சரிந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடுவதால், ஏரிக்கரைக் குடிலில் குன்றின் மேலிருப்பதைவிடப் பத்து டிகிரிக்கும் மேல் குளிராக இருக்கக்கூடும். காற்று வீசத் தொடங்கினால் கணக்கு மாறும். மைனஸ் 20 டிகிரியில் நொடிக்குப் பத்து மீட்டர் வேகக் காற்று அடித்தால், திறந்த முகத்துக்கு அது ஏறக்குறைய மைனஸ் 34 போல உறைக்கும். ஆகையால் ஃபின்லாந்து வானிலை நிறுவனத்தின் முன்னறிவிப்பில் வெப்பநிலையோடு காற்றின் வேகத்தையும் பார்க்க வேண்டும். மரமற்ற குன்றுகளைக் கடப்பவர்கள் அதே நிறுவனம் தரும் பனிச்சரிவு எச்சரிக்கையையும் பார்த்துக்கொள்வார்கள்.

தூரத்தைக் கணக்கிடும்போது கோடைகால நடையை மறந்துவிட வேண்டும். முதுகில் மூட்டையோ பின்னால் இழுவைப் பலகையோ இருந்தால், புதுப்பனியில் மணிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டரே நல்ல வேகம். முதல் முறைக்கு ஐந்து கிலோமீட்டர் போதும். குடிலைச் சேரும்போது வெளிச்சம் இரண்டு மணி நேரமாவது மிச்சமிருக்க வேண்டும்; விறகும் தண்ணீரும் கழிப்பறைப் பாதையும் இருட்டில் தேடக்கூடியவை அல்ல. பாதையையும் திரும்பும் நேரத்தையும் ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது கட்டாயம். அவசர எண் 112. ‘112 சுவோமி’ என்ற செயலி வழியே அழைத்தால், இருக்கும் இடமும் கூடவே போய்ச் சேரும். ஆனால் பூங்காக்களின் உட்பகுதியில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. குளிரில் பேட்டரியும் சடசடவென இறங்கிவிடும். போனை உள்சட்டைப் பையில், உடம்போடு ஒட்டி வைத்திருக்க வேண்டும்.

உடையில் பருத்திக்கு இடமில்லை. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடந்து, நின்ற மறு நிமிடம் உடம்பைக் குளிர்வித்துவிடும். உடலை ஒட்டி மெல்லிய கம்பளி, அதன் மேல் தடித்த கம்பளியோ ஃபிளீஸோ, வெளியே காற்றுப் புகாத சட்டை. நிற்கும்போதும் குடிலில் தீ பிடிக்கும் வரையிலும் போட்டுக்கொள்ள இறகு அடைத்த ஜாக்கெட். மாற்றுக் கையுறை, மாற்றுக் காலுறை, தலையில் மாட்டும் டார்ச், மெழுகுவர்த்தி, இரண்டு இடங்களில் தீப்பெட்டி. குடிலில் அடுப்பு இருக்கிறதே என்று மெல்லிய உறங்கும் பையை எடுத்துப் போகிறவர்கள் உண்டு. இது தப்புக் கணக்கு. அடுப்பு நள்ளிரவில் அணைந்துவிடும். வழியிலேயே தங்க நேர்ந்தால் அடுப்பே கிடையாது. பல குடில்களில் சமையலுக்கு எரிவாயு அடுப்பு உண்டு. சொந்த அடுப்பு கொண்டுபோகிறவர்கள் வாயுவின் வகையைக் கவனிக்க வேண்டும். பியூட்டேன் பூஜ்யத்தை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். புரோப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். சாப்பாட்டுக்கு வீட்டிலேயே சமைத்து உறையவைத்த குழம்பு வகை வசதி. வெளியே இருக்கும் குளிரே ஃப்ரீசர்.

குடிலுக்குள் நுழைந்ததும் முதல் வேலை தீ. வெளியே எவ்வளவு குளிரோ உள்ளேயும் ஏறக்குறைய அவ்வளவு; மூச்சு புகையாகத் தெரியும். இங்கே அவசரப்பட்டவர்கள்தான் அறை முழுக்கப் புகையை நிரப்பிக்கொள்கிறார்கள். முதலில் புகைபோக்கியின் தடுப்புத் தகடு திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புகைபோக்கிக்குள் கனத்த குளிர்காற்று அடைத்துக்கொண்டு நிற்கும். அதைத் தள்ளாமல் பெருந்தீ மூட்டினால் புகை அறைக்குள்தான் திரும்பும். அதனால் சிறு தாளையோ பிர்ச் மரப் பட்டையையோ கொளுத்தி, புகை போகும் வாயருகே சற்று நேரம் பிடித்தால், குழல் சூடாகி மேல்நோக்கி இழுக்கத் தொடங்கும். அந்தச் சத்தம் காதுக்கே கேட்கும். பிர்ச் பட்டையில் எண்ணெய்ப் பசை உண்டு; ஈரமாயிருந்தாலும் கரும்புகையோடு பற்றிக்கொள்ளும். கொட்டகை விறகிலிருந்து அதை உரிக்கலாம். நிற்கும் மரத்திலோ விழுந்த மரத்திலோ கை வைக்கக் கூடாது. பிறகு விரல் தடிமன் சிராய்கள், அதன் பிறகே பிளந்த விறகு. அடுப்பு பத்து நிமிடத்தில் சிவந்தாலும், பல நாள் குளிரைக் குடித்த மரச்சுவர்கள் சூடாக மூன்று நான்கு மணி நேரம் ஆகலாம். அதுவரை தரையில் குளிர். மேல்தட்டுப் பலகையில் வியர்வை.

விறகைக் கொட்டகையிலேயே, வெட்டுக்கட்டையின் மேல் வைத்துப் பிளக்க வேண்டும். உறைந்த பிர்ச் கோடாரிக்கு ஒரே போடில் வாய் பிளக்கும். விறகு ஏராளமாக அடுக்கியிருக்கிறதே என்று வெப்பத்தைக் கூட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது பெரிய அநாகரிகம். அத்தனையும் குளிர்காலத்தில் பனி வண்டியில் சுமந்து கொண்டுவந்து சேர்த்தது.

தண்ணீருக்கு ஏரியிலோ ஓடையிலோ வெட்டிய பனித் துளை. அது எட்டாத இடத்தில் பனியை உருக்க வேண்டும். ஒரு பானை புதுப்பனி உருகினால் அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் நிற்கும். ஆகவே பெரிய பானையும் பொறுமையும் தேவை. வெறும் பானையில் பனியைக் குவித்துத் தீயில் வைத்தால் அடிபிடித்துத் தண்ணீரில் கருகல் வாடை ஏறும். முதலில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, அதில் பனியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதே முறை.

சௌனா இருந்தால் அதற்கும் தனியாக விறகும் தண்ணீரும் வேண்டும் என்பதை மாலைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். கழிப்பறையைப் பற்றிப் புதியவர்கள் அதிகம் கவலைப்படுவதுண்டு. பெரும்பாலும் இருக்கை தெர்மோகோல் போன்ற நுரைப் பலகையால் ஆனது. மைனஸ் 25 டிகிரியிலும் உட்கார்ந்தால் சில்லென்று இருக்காது. ஃபின்லாந்தின் எளிய கண்டுபிடிப்புகளில் இதற்கு ஓர் உயர்ந்த இடம் தரலாம்.

இரவில் கவனிக்க வேண்டிய உண்மையான ஆபத்து கார்பன் மோனாக்சைடு. நிறமோ மணமோ இல்லாத இந்த வாயு, தணல் முழுதும் அணையும் முன் புகைபோக்கித் தகட்டை மூடினால் அறைக்குள் தேங்கும். வெப்பம் வீணாகிறதே என்ற ஆசையில் மூடுவதுதான் வழக்கமான பிழை. தணலில் நீலச் சுடர் சிறிதளவு தெரிந்தாலும் தகடு திறந்தே இருக்கட்டும். காலணியின் உள்ளுறைகளையும் கையுறைகளையும் அடுப்புக்கு மேலே கட்டியிருக்கும் கொடியில் காயப்போடலாம். ஆனால் அடுப்பைத் தொட்டுக்கொண்டு எதுவும் இருக்கக் கூடாது. உறங்கும் பைக்குள் தலையையும் இழுத்து மூடிக்கொண்டால் மூச்சின் ஈரம் பையையே நனைத்துவிடும். தொப்பி போட்டு, மூக்கை வெளியே விட்டுப் படுப்பதே சரி.

ஒவ்வொரு குடிலிலும் ஒரு குறிப்பேடு இருக்கும். வந்த தேதி, பெயர், எங்கிருந்து வந்து எங்கே போகிறோம் என்று எழுதிவைப்பது சம்பிரதாயம் மட்டுமல்ல. யாராவது காணாமல் போனால் மீட்புப் படையினர் முதலில் புரட்டுவது அந்த ஏட்டைத்தான்.

காலையில் கிளம்ப ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். சாம்பல் ஆறியிருந்தால் அதற்கென்று வைத்திருக்கும் தகர வாளியில் அள்ளிப் போட வேண்டும். தரையைப் பெருக்கி, பாத்திரத்தைக் கழுவி, வாளியில் தண்ணீர் உறைந்து வெடிக்காமல் கவிழ்த்து வைக்க வேண்டும். குப்பைத் தொட்டி கிடையாது. கொண்டுவந்த உறைகளும் டப்பாக்களும் மூட்டையிலேயே திரும்பிப் போக வேண்டும். பிறகு கொட்டகையிலிருந்து விறகு எடுத்துவந்து, சிராய்களும் கொஞ்சம் பிர்ச் பட்டையும் சேர்த்து அடுப்பருகே அடுக்கி வைக்க வேண்டும். அடுத்து வருகிறவர் விரல் மரத்துப்போய் வரக்கூடும். அந்த நிலையில் அவரால் கோடாரி பிடிக்க முடியாது. சன்னல்களை அடைத்து, கதவின் தாழைப் பனி புகாதபடி இறுக்கிப் போட்டுவிட்டு, முன்பதிவுக் குடிலானால் பூட்டிச் சாவியை ஒப்படைக்க வேண்டும். ஊர் திரும்பியதும், திரும்பும் நேரத்தைச் சொல்லிவைத்திருந்தவருக்கு வந்து சேர்ந்த தகவலைச் சொல்லிவிட வேண்டும். மறந்தால் அவர் தேடுவதற்கு ஆள் அனுப்பிவிடுவார்.