கார் கண்ணாடி உடைஞ்சிருக்கா? மலையை விட்டு இறங்காதீங்க!

கொடைக்கானல் போகிறவர்களே, உஷார்!

கொடைக்கானலில் காருக்குள் புகுந்து திருடுவது யார் என்று கேட்டால், எல்லோரும் கை காட்டுவது குரங்கைத்தான். தூண் பாறை பக்கம் கார் கண்ணாடியை அரை அடி இறக்கி வைத்தால் போதும். பிஸ்கட், வாழைப்பழம், முறுக்குப் பொட்டலம் எல்லாம் அபேஸ்! பட்டப்பகலில், நம் கண் முன்னாலேயே எடுத்துக்கொண்டு போய், மரத்தில் உட்கார்ந்து நம்மைப் பார்த்துக்கொண்டே தின்னும்.

ஆனாலும் குரங்கு கொஞ்சம் நல்ல திருடன். கண்ணாடியை உடைக்காது. டாஷ்போர்டைப் பெயர்க்காது. நம்ம வீட்டு விலாசத்தையும் தெரிந்துகொள்ளாது.

இந்த மூன்றையும் செய்கிற இரண்டு கால் ஆசாமிகள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். அவர்கள் குறி வைப்பது காரின் முன்பக்கத்தில் பளபளக்கிற வழிகாட்டிப் பெட்டியை!

பழைய தொழில், புதிய சரக்கு

இது புதுத் திருட்டு இல்லை. 1980-களில் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் கார் ரேடியோ திருட்டு கொடிகட்டிப் பறந்தது. “இந்தக் காரில் ரேடியோ இல்லை” என்று அட்டையில் எழதிக் கண்ணாடியில் மாட்டி வைத்தார்கள். “ஐயா திருடரே, வீணாக உடைக்காதீர்” என்று கெஞ்சுகிற மாதிரி! டேப் ரிக்கார்டரைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போகிற வசதி வந்ததும் இந்தப் பயத்தால்தான்.

1990-ல் ஜப்பானின் மஸ்டா கம்பெனி, செயற்கைக்கோளைப் பார்த்து வழி சொல்லும் கருவியைக் காருக்குள்ளேயே பொருத்தி விற்றது. பின்னால் மற்ற கம்பெனிகளும் வரிசையாக வந்தன. திருடர்களும் ரேடியோவை விட்டுவிட்டு இதற்கு மாறினார்கள். ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் பி.எம்.டபிள்யூ போன்ற கார்களில் கண்ணாடியை உடைத்து, திரையையும் ஸ்டீயரிங்கையும் மெக்கானிக் மாதிரி சுத்தமாகக் கழற்றிக்கொண்டு போகும் கும்பல்கள் உண்டு. காலையில் வந்து பார்த்தால் டாஷ்போர்டில் ஓர் ஓட்டை. வெளியே தொங்குவது ஒயர் மட்டும்!

நம் நாட்டிலும் கில்லாடிகளுக்குக் குறைவில்லை. டெல்லியில் “தக் தக்” கும்பல் என்று ஒன்று. ஒருவன் காரின் ஒரு பக்கக் கண்ணாடியைத் தட்டி, “சார், ஆயில் ஒழுகுது” என்பான். டிரைவர் இறங்கிப் பார்ப்பதற்குள் மறுபக்கக் கதவு வழியாகக் கூட்டாளி பையைத் தூக்கிக்கொண்டு கம்பி நீட்டிவிடுவான். உண்டிவில்லில் இரும்புக் குண்டு வைத்துக் கண்ணாடியைச் சிதறடித்த கும்பலும் அங்கே பிடிபட்டிருக்கிறது.

மலையில் என்ன வசதி?

சரி, இதற்கும் கொடைக்கானலுக்கும் என்ன சம்பந்தம்?

திருடனுக்கு வேண்டியது ஆளில்லாத கார், கொஞ்ச நேரம், புகார் கொடுக்காத சொந்தக்காரர். மலைக்குச் சுற்றுலா வருகிறவர் மூன்றையும் தட்டில் வைத்துக் கொடுக்கிறார்!

கோக்கர்ஸ் வாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1872-ல் போட்ட நடைபாதை. சுமார் ஒரு கிலோ மீட்டர். ஒரு முனையில் காரை விட்டுவிட்டு மறுமுனைக்கு நடந்தால், கார் நம் பார்வையில் இல்லை. தூண் பாறை, பைன் காடு, குணா குகை எல்லா இடத்திலும் இதே கதைதான். ரோட்டோரம் வரிசையாகக் கார்கள். நடுவில் மூடுபனி வேறு இறங்கிவிட்டால் பத்தடி தூரத்தில் நிற்பது ஆளா மரமா என்றே தெரியாது.

காரோ வெளியூர்க் கார். பின்சீட்டில் பை, லேப்டாப், கேமரா. அது தொலைந்தாலும் மறுநாள் ஆபீஸ் போக வேண்டும். “போனால் போகட்டும்” என்று அன்று மாலையே மலை இறங்கிவிடுவார்கள். திருடனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

“வீடு” என்ற பொத்தான்

பெட்டி போனால் நஷ்டம் பத்தாயிரக் கணக்கில். சொகுசுக் கார் என்றால் லட்சத்தைத் தொடும். அது கூடப் பரவாயில்லை. பெட்டிக்குள் “வீடு” என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதுதான் பெரிய ஆபத்து!

பெரும்பாலோர் சொந்த வீட்டு விலாசத்தை அதில் பதிந்து வைத்திருப்பார்கள். சென்னைக்கும் கொடைக்கானலுக்கும் 500 கிலோ மீட்டருக்கு மேல். குடும்பமே மலையில் இருக்கிறது. வீடு பூட்டிக் கிடக்கிறது. விலாசமும் வழியும் திருடன் கையில்! ஆர்.சி. புத்தகமும் வீட்டுச் சாவியும் காரிலேயே இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே “வீடு” என்ற இடத்தில் உங்கள் கதவு நம்பரைப் போடாதீர்கள். தெருமுனைக் கோவிலையோ, பேட்டை போலீஸ் ஸ்டேஷனையோ போடுங்கள். அங்கிருந்து வீட்டுக்குப் போக உங்களுக்கு வழி தெரியாதா என்ன!

குடுவையின் கழுத்து

கொடைக்கானல் மலை ஒரு குடுவை மாதிரி. வத்தலக்குண்டு வழியாக வந்தாலும், பழனி வழியாக வந்தாலும் இரண்டு ரோடும் பெருமாள்மலையில்தான் சேருகின்றன. அங்கிருந்து வெள்ளி நீர்வீழ்ச்சி சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் ஊருக்குள் வர வேண்டும். இறங்குகிறவனுக்கும் இதுதான் முக்கிய வழி.

இன்னொரு விஷயம். சென்னை ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. வண்டி நம்பர், எத்தனை பேர், எத்தனை நாள் எல்லாம் பதிவாகும். 2025 கோடை சீசனுக்கு, ஏப்ரல் 1 முதல், வார நாளில் 4 ஆயிரம் வண்டி, சனி ஞாயிறில் 6 ஆயிரம் வண்டி என்று வரம்பும் கட்டினார்கள். வெளியூர்த் திருடன் காரில் வந்தால் அவன் வண்டி நம்பரும் பட்டியலில் ஏறியிருக்கும்.

சமவெளியில் திருடனுக்கு நாலு பக்கமும் ரோடு. மலையில் அப்படி இல்லை. ஆனால் கழுத்தை மூட வேண்டும் என்றால், திருட்டு நடந்தது போலீசாருக்கு உடனே தெரிய வேண்டும். ஊருக்குப் போய் மறுவாரம் சொன்னால் பட்சி பறந்து போயிருக்கும்!

சட்டம் என்ன சொல்கிறது?

கண்ணாடி உடைந்திருந்தால் எதையும் தொடாதீர்கள். கைரேகை அழிந்துவிடும். போட்டோ எடுத்துவிட்டு 112-க்குப் போன் போடுங்கள். பக்கத்துக் கடையில், லாட்ஜில் கேமரா இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள்.

2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த புதிய சட்டப்படி, எந்த ஊரில் குற்றம் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். மின்னணு முறையிலும் கொடுத்துவிட்டு மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போடலாம். எப்.ஐ.ஆர். நகல் இலவசம். ஆள் அல்லது சரக்கு ஏற்றும் வாகனத்திலிருந்து பொருளைத் திருடினால் 7 ஆண்டு வரை ஜெயில், அபராதம். திருட்டுச் சரக்கு என்று தெரிந்தே வாங்கினாலும் 3 ஆண்டு வரை உண்டு. “சல்லிசா கிடைக்குது” என்று பில் இல்லாத பெட்டியை வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எப்.ஐ.ஆர். இல்லாமல் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் போய் நின்றாலும் பருப்பு வேகாது. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் எடுத்தவருக்கு எதுவும் கிடைக்காது. முழு இன்சூரன்ஸ் இருந்தால், கம்பெனியே பொருத்திக் கொடுத்த பெட்டிக்குக் கேட்கலாம். பின்னால் நீங்களாக மாட்டிய பெட்டி என்றால், அதைப் பாலிசியில் காட்டித் தனியாகப் பிரிமியம் கட்டியிருக்க வேண்டும். பின்சீட்டு லேப்டாப்புக்கும் கைப்பைக்கும் சாதாரணக் கார் பாலிசியில் பணம் வராது.

கைப்பிடியை இழுங்கள்!

ரிமோட் பட்டனை அமுக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்காதீர்கள். ரிமோட் சிக்னலைத் தடுத்துக் கதவைப் பூட்டவிடாமல் செய்யும் தில்லுமுல்லு தென்னாப்பிரிக்காவில் பிரசித்தம். கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பார்க்க இரண்டு விநாடி ஆகுமா? பையை டிக்கியில் வைப்பதானால் லாட்ஜிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். இடத்துக்கு வந்து, நாலு பேர் பார்க்க வைத்தால், வைத்ததும் வைக்காததும் ஒன்றுதான்.

கடைசியாக ஒன்று. புகார் கொடுக்காமல் இறங்கிப் போகிறவர், ஊரில் போய் என்ன சொல்வார்? “கொடைக்கானல்காரன் திருடிட்டான்” என்பார். குதிரைக்காரர், டாக்சி டிரைவர், வேர்க்கடலை விற்கிற பையன் எல்லோர் தலையிலும் பழி. எவனோ எங்கிருந்தோ வந்து கைவரிசை காட்டியிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி புகார்தான்.

குரங்கு தூக்கிய முறுக்குக்கு எப்.ஐ.ஆர். வேண்டாம். கண்ணாடி உடைந்த காரோடு மட்டும் பெருமாள்மலையைத் தாண்டாதீர்கள்!