முட்டையின் மூச்சு

மந்தபுத்தியுள்ள பிள்ளையைக் ‘கூமுட்டை’ என்று வைவது திருநெல்வேலிச் சீமையில் மட்டுமன்றித் தமிழ் வழங்கும் இடமெங்கும் உள்ள வழக்கம். ஆயினும் அந்த வசவு எந்த வஸ்துவினின்று பிறந்ததோ, அதைக் கண்ணால் கண்டவர்களும் மூக்கால் அறிந்தவர்களும் வரவரக் குறைந்துகொண்டே வருகிறார்கள். இருபத்தொரு நாள் தாய்க்கோழியின் வயிற்றுச் சூட்டில் கிடந்தும் குஞ்சாகாமல், உண்பதற்குரிய முட்டையாகவும் மிஞ்சாமல், உள்ளே கூழாகக் கலங்கிப்போய்விட்ட இரண்டுங்கெட்டான் பதார்த்தத்துக்கே கூழ்முட்டை என்று பெயர். பேச்சில் தேய்ந்து கூமுட்டையாயிற்று. ஒரு முட்டை எப்படி அந்த கதியை அடைகிறது என்பதையும், அடையாதபடி அதை வீட்டிலுள்ள சாமான்களைக் கொண்டே சில வாரம் காப்பாற்றி வைப்பது எவ்வாறு என்பதையும் விசாரிக்க, சங்கரன்கோவிலைப்போல் தகுந்த ஊர் வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

காரணம் சொல்கிறேன். பாதி சிவனும் பாதி திருமாலுமாகச் சங்கரநாராயணர் எழுந்தருளியிருக்கும் ஊர் இது. கோமதியம்மனின் ஆடித்தபசுக்கு விரதமிருக்கும் வீடுகளும் உண்டு, புரட்டாசி சனிக்கிழமைக்கு விரதமிருக்கும் வீடுகளும் உண்டு, இரண்டையும் விடாத வீடுகளும் உண்டு. பிறகு கார்த்திகை வந்தால் மாலை போட்டுக்கொள்கிறவர்கள். ஆனால் கோழிக்கு ஆடியும் தெரியாது, புரட்டாசியும் தெரியாது. நாட்டுக்கோழி ஓர் ஈட்டுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து முட்டை வரையில், ஆண்டுக்கு மூன்று நான்கு ஈடு இட்டுக்கொண்டேயிருக்கும். நாலு கோழி வைத்திருக்கும் வீட்டில் புரட்டாசி பிறந்து பத்து நாளைக்குள் கடகப்பெட்டி நிறைந்துவிடும். விற்கலாமென்று கடைத்தெருவுக்குக் கொண்டுபோனால், வாங்குகிறவர்களும் அதே விரதக்காரர்கள்தாமே! நாமக்கல்லில் பண்ணை முட்டையின் விலையே புரட்டாசியில் இறங்கிவிடுகிறபோது, கடகப்பெட்டியிலுள்ள நாட்டு முட்டையைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை.

சிறுபிராயத்தில் அப்பெட்டியிலிருந்து சேறு படிந்த முட்டையொன்றை எடுத்துத் தண்ணீரில் அலசப் போன என் கையை எங்கள் ஆச்சி தட்டிவிட்டது இன்னும் ஞாபகமிருக்கிறது. “ஏலே, முட்டையக் கழுவாத! கழுவுனா கூமுட்டையாப் போயிரும்” என்றாள். கிழவியின் மூடநம்பிக்கைகளுள் இதுவும் ஒன்று என்று நெடுநாள் எண்ணியிருந்தேன், எண்ணியது பிசகு.

எவ்வளவு நெருக்கமாக நெய்த துணியிலும் இழைக்கும் இழைக்கும் நடுவே சந்து இருக்கும் என்பதை நெசவாளர் நிறைந்த எங்கள் ஊருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. முட்டை ஓடும் அத்தகையதே. நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கால்சியம் கார்பனேட் என்னும் சுண்ணாம்புப் பொருளாலான அவ்வோட்டில், கண்ணுக்குத் தெரியாத சூக்ஷ்ம துவாரங்கள் 7,000 முதல் 17,000 வரை இருக்கின்றன. உள்ளே வளரவேண்டிய குஞ்சு பிராணவாயுவை வாங்கிக் கரியமிலவாயுவை விடுவதற்காக இயற்கை அமைத்த வாசல்கள் அவை. கோழி முட்டையிடும் தறுவாயில் அதன்மேல் ஒரு மெல்லிய ஈரப்பூச்சு படிந்து, காற்றுப்பட்டதும் உலர்ந்து, அந்த வாசல்களுக்குத் திரை போட்டதுபோல் ஆகிவிடுகிறது. கழுவினால் அத்திரை போய்விடும். அன்றியும், வெதுவெதுப்பான முட்டையைக் குளிர்ந்த ஜலத்தில் போட்டால் உள்ளிருக்கும் வஸ்து சுருங்கி, மேலிருக்கும் அழுக்கு நீரையும் அதிலுள்ள கிருமிகளையும் துவாரங்கள் வழியே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஐரோப்பிய நாடுகளில் முதல் தர முட்டையைக் கழுவக் கூடாதென்றே சட்டம். அமெரிக்காவிலோ வெந்நீரில் கழுவி, அன்று முதல் குளிர்ப்பெட்டியை விட்டு அதை வெளியே எடுப்பதேயில்லை. ஆச்சி ஐரோப்பியக் கட்சி. உலர்ந்த துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

இட்ட நாள் தொட்டு முட்டை மூச்சுவிட்டுக்கொண்டேயிருக்கிறது. உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேற, அகன்ற முனையில் இருக்கும் காற்றறை நாளுக்கு நாள் பெரிதாகிறது. புதிய முட்டை தண்ணீரில் படுத்துக்கொள்வதும், நாளான முட்டை எழுந்து நிற்பதும், மிக நாட்பட்டது மிதப்பதும் இதனால்தான். நீரைவிட முக்கியமானது கரியமிலவாயுவின் வெளியேற்றம். புதிய வெள்ளைக்கருவின் பி.எச். அளவு ஏறக்குறைய 7.6, கரியமிலவாயு போகப்போக அது சில நாளில் 9-ஐயும் தாண்டிவிடும். அவ்வாறு க்ஷாரம் ஏற ஏற, வெள்ளைக்கருவைக் கட்டியாகப் பிடித்து வைத்திருக்கும் ஓவோமியூசின் என்ற புரதத்தின் கட்டு தளர்ந்து, உடைத்து ஊற்றினால் தோசைக்கல்லில் குவிந்து நிற்க வேண்டியது நாற்புறமும் ஓடுகிறது. இது கிழத்தன்மையேயன்றி அழுகல் அன்று. அழுகலுக்குக் கிருமி வேண்டும். அதைத் தடுக்க வெள்ளைக்கருவினுள்ளேயே பல காவலர்கள் இருக்கிறார்கள். கிருமியின் சுவரையே கரைக்கும் லைசோசைம், 1922-ல் அலெக்ஸாண்டர் பிளெமிங் வெளியிட்ட கண்டுபிடிப்பு; பென்சிலினைக் கண்ட அதே பிளெமிங்தான். கிருமிக்கு வேண்டிய இரும்புச்சத்தைத் தன்னிடமே முடிந்து வைத்துக்கொள்ளும் புரதம் ஒன்று, பயோட்டின் என்னும் ஜீவசத்தைக் கட்டிப்போடும் புரதம் ஒன்று என்று அந்தப் பட்டியல் நீளும்.

இவ்வளவு காவலிருந்தும் நாட்டு முட்டை எங்கள் ஊரில் விரைவில் கெட்டுப்போவானேன்? விஷயம் இங்கேதான் சுவாரசியப்படுகிறது. சேவலோடு திரியும் கோழியின் முட்டையில் கரு உயிரோடிருக்கிறது. ஏறக்குறைய 20 டிகிரி உஷ்ணத்துக்குக் கீழே அது உறங்கிக் கிடக்கும், அதற்கு மேலே போகப்போக மெல்ல விழித்துக்கொள்ளும், 37, 38 டிகிரியில் முழு வேகத்தோடு வளரும். சித்திரை மாதத்தில் எங்கள் ஊர் நிழலே 37 டிகிரியைத் தொடும் என்றால், அடைக்கோழியின் வேலையை ஊரே செய்துவிடுகிறது என்றுதானே அர்த்தம்? ஓரிரு நாளில் மஞ்சள்கருவின் மேல் நரம்பு ஓடத் தொடங்கும். இரவில் சற்றுத் தணியும் சூட்டில் அக்கரு இறந்துபோகும். இறந்த பின் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். சேவலையே காணாத நாமக்கல் பண்ணைக் கோழியின் வெள்ளை முட்டையில் இந்த ஆபத்து இல்லை. சத்திலும் ருசியிலும் நாட்டு முட்டைக்கு மதிப்புக் கொடுப்பவர்கள் என்மேல் கோபித்துக்கொண்டாலும் சரி, வெயிலில் தாக்குப்பிடிக்கும் விஷயத்தில் வெள்ளை முட்டையே ஜெயிக்கிறது.

இதைச் சோதனைச்சாலையில் படிக்காத நம் முன்னோர் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். ஆகையால் அவர்கள் முட்டையைச் சேமித்ததைவிடக் கோழியாக மாற்றிச் சேமித்ததே அதிகம். மிஞ்சிய முட்டையை ஒற்றைப்படையாக எண்ணி, உமியோ மணலோ பரப்பிய பெட்டியில் வைத்து, இடிக்குக் காவலாக ஓர் இரும்புத் துண்டையும் கரித்துண்டையும் செருகி, அடைக்கு விட்டுவிட்டால், மூன்று வாரத்தில் முட்டையின் ஸ்தானத்தில் குஞ்சு நிற்கும். பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்டாலும் முட்டையைக் கொடுக்க மனம்வராத கிழவிகள் கருமிகளல்லர். வட்டி குட்டிபோடும் முதலை யார்தான் எடுத்துச் சாப்பிடுவார்? ஆனால் கோழி அடைக்கு உட்காராத காலமும் உண்டு, உட்கார்ந்தாலும் பதினைந்துக்குமேல் அதன் சிறகுக்குள் கொள்ளாது. அந்த மிச்சத்துக்குத்தான் உபாயம் வேண்டும்.

முதல் உபாயம் மண்பானை. ஈரமணலில் பாதி புதைத்த பானைக்குள் முட்டையை அகன்ற முனை மேலாக அடுக்கி, வாயை ஈரத்துணியால் மூடி, மணலுக்கு வேளைக்கு வேளை தண்ணீர் தெளித்து வந்தால், நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். மேற்குத்தொடர்ச்சி மலையைத் தாண்டி வறண்டு வீசும் ஆனி, ஆடிக் காற்றில் இது நன்றாகப் பலிக்கும். ஐப்பசி மழையில் காற்றே நனைந்திருக்கும்போது இந்த வித்தை செல்லாது.

இரண்டாவது, வெந்நீர். 54 டிகிரியிலுள்ள நீரில் பதினைந்து நிமிஷம் முட்டையை அமிழ்த்தி எடுத்தால் உள்ளிருக்கும் கரு உயிரிழந்து, முட்டை சேவல் காணாத முட்டைக்குச் சமானமாகிவிடுகிறது; வெள்ளைக்கரு உறையத் தொடங்குவது 60 டிகிரியைத் தாண்டிய பிறகே ஆகையால், அது வெந்துபோவதுமில்லை. உஷ்ணமானி இல்லாத வீட்டுக்கு ஒரு கணக்கு: ஒரு பங்கு கொதிநீரோடு நம் ஊர்ச் சாதாரணத் தண்ணீர் இரண்டு பங்கு சேர்த்தால் ஏறக்குறைய 53 டிகிரி வரும். முட்டை இறங்கியதும் சூடு சற்றுத் தணியும். ஒரு கரண்டி கொதிநீரைக் கூட விட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாவதாகிய சுண்ணாம்பைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். பனைமரத்தில் கட்டும் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் காலையில் இறங்குவது கள், தடவினால் பதநீர் என்பது எங்கள் பக்கத்துக் குழந்தைகளுக்கும் தெரியும். புளிக்கச் செய்யும் நுண்ணுயிர் க்ஷாரத்தில் பிழைப்பதில்லை. செட்டிநாட்டு வீடுகளின் சுவரைப் பளிங்காக்கியதும் சுண்ணாம்பும் வெள்ளைக்கருவும் சேர்ந்த பூச்சே. சுண்ணாம்பையும் முட்டையையும் சுவரில் சேர்த்து வைத்த நம்மவர், கலயத்தில் கண்ட அதே நியாயத்தை முட்டைக் கூடைக்கும் பிரயோகிக்க நினைக்காமல் போனது எனக்கு எப்போதும் ஆச்சரியமாகவே இருக்கிறது. கோழிப்பண்ணைச் சாஸ்திர நூல்கள் கூறும் பக்குவம் இது: ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பில் ஒரு லிட்டர் கொதிநீர் ஊற்றி (கொதித்துத் தெறிக்கும், குழந்தைகளை அண்டவிடாமல், முகத்தை விலக்கிக்கொண்டு செய்க), ஆறிய பின் ஐந்து லிட்டர் தண்ணீரும் கால் கிலோ உப்பும் சேர்த்து, தெளிந்த நீரைத் துணியில் வடிகட்டி, அன்றன்று இட்ட, கீறலில்லாத முட்டைகளை அதில் ஓர் இரவு ஊறவிட்டு, காலையில் நிழலில் உலர்த்தி எடுத்து வைத்தால், குளிர்ப்பெட்டி இல்லாமலே ஒரு மாதம் வரையில் தாங்கும்.

இதன் ரசாயனம் அழகானது. ஒரு லிட்டர் நீரில் கரையக்கூடிய சுண்ணாம்பு ஏறக்குறைய 1.7 கிராம்தான்; அந்தச் சொற்பமே நீரின் பி.எச். அளவை 12-க்கு மேல் ஏற்றிக் கிருமிகளை அடக்கிவிடும். துவாரத்தின் வழியே முட்டை விடும் கரியமிலவாயு வாசலிலேயே சுண்ணாம்பு நீரைச் சந்திக்கிறது. சந்தித்ததும் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது ஓடு எதனால் ஆனதோ அதே வஸ்துவாக மாறி, அவ்விடத்திலேயே படிந்து துவாரத்தைத் தூர்க்கிறது. முட்டையின் மூச்சே முட்டையின் வாசலுக்குத் தாழ் போடுகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி ரேமூர் வார்னிஷும் கொழுப்பும் பூசி வாசலை அடைத்துப் பார்த்தார். இரண்டு உலக யுத்தங்களின்போதும் ஐரோப்பியக் குடும்பங்கள் சோடியம் சிலிகேட் கரைசலில் வாளி வாளியாக முட்டையை அமிழ்த்தி வைத்தன. அக்கரைசலில் ஆறு மாதம், எட்டு மாதம் வைக்கலாமென்று அந்நாட்டுப் புத்தகங்கள் கூறுவதை நம்பி நம்மூரில் யாரும் பரீட்சை செய்யலாகாது. அவர்களுடைய நிலவறையின் குளிர்ச்சி சங்கரன்கோவிலில் எந்த அறைக்கும் இல்லை. எண்ணெய் தடவுவதும் ஒரு முறைதான்; ஆனால் கரியமிலவாயு போவதற்கு முன்னரே, இட்ட அன்றே தடவ வேண்டும், நாளான முட்டைக்குத் தடவுவதில் அதிகப் பிரயோஜனமில்லை. நல்லெண்ணெய் நாளடைவில் சிக்குவாடை பிடிக்கும்.

சுண்ணாம்பு நீரில் ஓர் இரவு ஊறினால் முட்டை ‘வெந்து’விடாதா என்று ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. சீனர்கள் சுண்ணாம்போடு சோடா உப்பையும் சாம்பலையும் சேர்த்து, அவற்றால் உண்டாகும் கடும் க்ஷாரத்தில் வாத்து முட்டையைப் பல வாரம் வைத்து, வெள்ளைக்கரு தேயிலைக் கஷாய நிறத்தில் பளபளக்கும் பாகாகவும் மஞ்சள்கரு கரும்பச்சையாகவும் மாறும்படி செய்கிறார்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் உறவினர்கள் அதைக் கடையில் பார்த்திருப்பார்கள், பக்கத்தில் உப்பில் ஊறிய வாத்து முட்டையையும் பார்த்திருப்பார்கள். வெறும் சுண்ணாம்புக்கு அவ்வளவு வீரியமில்லை; கரைவதும் கொஞ்சம், நுழைவதற்குள் வாசலையும் அடைத்துக்கொள்கிறது.

முட்டை ஊறுகாய் போடுகிறவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. 1997-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில் ஒருவர், அவித்து உரித்த முட்டைகளை வினிகர் உள்ளே இறங்கட்டுமென்று குச்சியால் குத்தி, ஜாடியில் போட்டு, குளிர்ப்பெட்டியில் வைக்காமல் வெளியே வைத்தார். குத்தின துவாரம் வழியாக மஞ்சள்கருவின் நடுவுக்குப் போன கிருமி, புளிப்பு எட்டாத அவ்விடத்தில் காற்றில்லாமல் பெருகி, போட்டுலிசம் என்னும் கொடிய நோய்க்குக் காரணமான விஷத்தை உண்டாக்கிற்று. குத்தாதீர்கள், குளிர்ப்பெட்டியில் வையுங்கள். எம்முறையில் காத்த முட்டையானாலும், கலக்கியும் ஆஃப்பாயிலும் அதில் வேண்டாம். உள்ளும் புறமும் நன்றாக வேகட்டும்.

இனிச் சமையல். ஒவ்வொன்றாகச் சொம்பு நீரில் போட்டுப் பார்த்து, மிதப்பதைக் குப்பைக் குழிக்கு அனுப்பிவிட்டு, மற்றதைத் தனிக் கிண்ணத்தில் உடைத்த பிறகே சட்டியில் சேர்க்க வேண்டும். ஒரு கூமுட்டை ஒரு சட்டிக் குழம்பைக் கொன்றுவிடும். படுத்திருப்பது அடைக்கும் தோசைக்கும். எழுந்து நிற்பது அவியலுக்கு. ஏனெனில் நாளான முட்டையின் க்ஷாரம் ஓட்டின் உட்சவ்வைப் பிடிவிடச் செய்வதால், புதிய முட்டையைப்போல் பிய்ந்து பிய்ந்து வராமல் ஓடு சுத்தமாகக் கழன்று வரும். ஐப்பசி முதல் ஞாயிறன்று, சின்ன வெங்காயமும் புளியும் தாராளமாக விட்டுக் கொதிக்கும் குழம்பில் இந்த உரித்த முட்டைகளைப் போடுவதற்குமுன், தறியில் மிஞ்சிய நூலின் ஒரு முனையைப் பல்லிலும் மறு முனையைக் கையிலும் பிடித்து, மஞ்சள்கரு உதிராமல் ஒவ்வொன்றையும் சரிபாதியாக அறுப்பாள் ஆச்சி. கத்தியில் ஒட்டிக்கொண்டு போகும் அந்தத் துளி மஞ்சள்கருவையும் விட அவளுக்கு மனம் வராது.