அருவிக்கும் தனிப்பட்டாவா?

மார்ச் வந்தால் உலக மகிழ்ச்சிப் பட்டியலும் வந்துவிடும். 2025-ல் இந்தியாவுக்கு 118-வது இடம். முதலிடம் வழக்கம்போல் பின்லாந்துக்கு. பூஜ்யத்திலிருந்து 10 வரை படியுள்ள ஏணியில் உங்கள் வாழ்க்கை எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்டு வாங்கும் மதிப்பெண் அது. ஆடிச் சாரலில், குற்றாலம் பேரருவிக்கு அடியில் நிற்கிறவரிடம் கேட்டால் கேள்வியே காதில் விழாது.

கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் முதுகைக் கொடுக்கிறார். பக்கத்தில் நிற்பவர் காரில் வந்தவரா, சங்கரன்கோவில் பஸ்ஸில் வந்தவரா, யாருக்குத் தெரியும்? சட்டையும் செல்போனும் கரையில். கூட்டம் கூடினால் போலீஸ் விசில். எல்லாருக்கும் ஒரே வரிசை. பெண்கள் பக்கத்திலும் அதே கதைதான். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கும் நகைக்கடைக்காரர் வீட்டம்மாவுக்கும் அதே தண்ணீர்.

நாட்டின் வருமானம் வருஷா வருஷம் ஏறினாலும் மனநிறைவு அந்த அளவுக்கு ஏறுவதில்லை என்று 1974-லேயே ஓர் அமெரிக்கப் பொருளியலாளர் எழுதினார். நமக்குச் சம்பளம் கூடும்போது எதிர்வீட்டுக்காரருக்கும் கூடிவிடுகிறதே! அந்த ஒப்பீட்டுக்கு இடம் தராத இன்பங்கள் கொஞ்சம்தான். அருவிக் குளியல் அதில் ஒன்று.

அதற்கும் இப்போது ஆபத்து. குற்றாலம் பக்கம் ஓடையைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்த தனியார் விடுதிகளை மூடச்சொல்லி 2022-ல் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. வழக்கு தண்ணீரைப் பற்றியது. என் கவலை வேறு. காசுள்ளவர் தனி அருவிக்குப் போய்விட்டால், வரிசையில் நிற்பது இல்லாதவரின் அடையாளமாகிவிடும். இன்று முகம் சுளிக்காமல் நிற்கிறவர்கூட நாளைக்குக் கூசுவார். பேரருவியில் உடைமாற்றும் அறை நாறினால் அதிகாரமாகக் கேட்கவும் ஆள் இருக்காது. அரசுப் பள்ளிக்கு நடந்தது அருவிக்கும் நடக்கும்.

விடுதிகளால் உள்ளூரில் நாலு பேருக்கு வேலை கிடைக்கிறது, உண்மைதான். கையில் காசில்லாதவருக்கு வருமானம் கூடினால் நிம்மதியும் கூடும், மறுப்பில்லை. ஆனால் அந்தக் காசை வாங்கிக்கொண்டு, இலவசமாக இருந்ததையே திருப்பி விற்றால் லாபம் யாருக்கு?

குற்றாலம் இருக்கும் தென்காசி தனி மாவட்டமானது 2019-ல். வளர்ச்சிக்குத் திட்டங்கள் எத்தனையோ வரட்டும். குற்றாலத்து ஐந்தருவியில் ஒரு கழிப்பறையைச் சீசன் முழுக்கச் சுத்தமாக வைத்திருப்பதையும் வளர்ச்சிக் கணக்கில் எழுத வேண்டும். முதல் வரியிலேயே எழுதினாலும் தப்பில்லை.